வாஷிங் மெஷினுக்கு முன்னால் எர்த்

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோருக்கு வாங்கித் தரும் சாமான்களில் இன்று முதலிடம் வாஷிங் மெஷினுக்குத்தான். உடுமலையில் எங்கள் தெருவை மட்டும் எடுத்துக்கொண்டாலே, வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் மெஷின் இல்லாத வீடு அபூர்வம். மகன் பெங்களூரில், மகள் அமெரிக்காவில். தீபாவளித் தள்ளுபடியில் அங்கிருந்தபடியே போனில் ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். இரண்டு நாளில் வண்டி வந்து வாசலில் இறக்கிவிட்டுப் போகிறது. "அம்மா, இனிமேல் குனிஞ்சு துவைக்காதே" என்று சொல்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று. மெஷினை அனுப்புவதற்கு முன்னால், அந்த வீட்டில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மெஷினை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். முதலில் எர்த், அடுத்து ஆர்சிசிபி, அதற்குப் பிறகுதான் மெஷின்.

மெஷினே வேண்டாம் என்று சொல்பவன் அல்ல நான். என் பள்ளிப் படிப்பு காரைக்காலில், பிரெஞ்சு வழியில். துணி துவைப்பதற்கு 'லெசீவ்' என்று ஒரு சொல்லை அங்கே படித்தோம். அதன் பழைய பொருள் சாம்பல் நீர். அடுப்புச் சாம்பலை வெந்நீரில் கரைத்து, அதில் துணியை ஊறவைத்து வெளுப்பார்கள். நம் பக்கத்தில் உவர்மண்ணும் வெள்ளாவியும் செய்த வேலைதான் அது. எந்த நாட்டிலும் அது இடுப்பை ஒடிக்கிற வேலை. அதைச் செய்தவர்கள் வீட்டுப் பெண்களும், ஊர் அழுக்கைச் சுமந்தும் ஊரில் மரியாதை கிடைக்காத வண்ணார் குடும்பங்களும். அந்தப் பாரத்தை ஒரு மோட்டார் வாங்கிக்கொண்டது என்றால் அதைக் கும்பிட்டு வரவேற்க வேண்டியதுதான்.

ஆனால் வீட்டில் உள்ள மற்ற மின்சாதனங்களுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. டிவியை யாரும் ஈரக் கையோடு தொடுவதில்லை. மின்விசிறி தலைக்கு மேலே சுற்றுகிறது. வாஷிங் மெஷினில் மட்டும் தண்ணீர், 230 வோல்ட் மின்சாரம், ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் மனுஷி மூன்றும் ஒரே இடத்தில் சேருகின்றன. அதையும் நாம் வைப்பது குளியலறையில் அல்லது பின்கட்டில்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கணவன், மனைவி இருவருக்கும் எழுபதுக்கு மேல். ஒரு நாள் போயிருந்தபோது அந்த அம்மா மெஷினுக்கு முன்னால் ஒரு மரப்பலகையைப் போட்டு, ரப்பர் செருப்பையும் மாட்டிக்கொண்டு துணியை எடுத்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். "அதொண்ணும் இல்லீங்க சார். தொட்டா லேசா சுர்ருங்கும். செருப்புப் போட்டுக்கிட்டா ஒண்ணும் பண்றதில்லீங்க" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, "அது ஆச்சுங்க, ரெண்டு வருசம்" என்றார்.

இரண்டு வருடமாக அந்த வீட்டில் மெஷினோடு சேர்ந்து ஆபத்தும் குடியிருந்திருக்கிறது. அவர்கள் அதற்கு ஒரு பலகையைப் போட்டு இடம் கொடுத்திருக்கிறார்கள். எலெக்ட்ரீஷியனை அழைத்து பிளக் பாயிண்டைக் கழற்றச் சொன்னோம். மூன்று ஓட்டைகள் உள்ள பாயிண்ட்தான். மேலே உள்ள பெரிய ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இல்லை. பார்வைக்கு மூன்று, உள்ளே இரண்டு.

இது அந்த ஒரு வீட்டின் கதை மட்டும் அல்ல. பழைய வீடுகளில் பல இடங்களில் லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டுமே ஒயரிங் செய்தார்கள். சில வீடுகளில் இரும்புத் தண்ணீர்க் குழாயிலேயே எர்த் கம்பியைச் சுற்றிவிட்டார்கள். பிறகு குழாய் பிவிசியாக மாறியது. எர்த்தும் அதோடு போயிற்று, யாரும் கவனிக்கவில்லை. இன்னும் சில வீடுகளில் எர்த் குழி முறையாகத் தோண்டி, கரியும் உப்பும் போட்டு, ஜிஐ பைப் இறக்கியிருப்பார்கள். கார் நிறுத்த இடம் வேண்டும் என்று அதன்மேல் சிமெண்ட் போட்டு டைல்ஸ் ஒட்டியாயிற்று. குழிக்குத் தண்ணீர் ஊற்ற வழியில்லை. சித்திரை வெயிலில் மண் காய்ந்தால் எர்த் பெயருக்குத்தான் இருக்கும்.

இத்தனைக்கும் நாம் மின்சாரம் அறியாத சீமைக்காரர்கள் இல்லை. 1932-இல் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு, கோவை வட்டாரத்தில் மில்களும் கிணற்று மோட்டார்களும் பெருகின. தோட்டத்து மோட்டாருக்கு எர்த் இல்லையென்றால் எந்தக் கவுண்டரும் ஸ்டார்ட்டரில் கை வைக்க மாட்டார். கோடையில் எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லி ஆளுக்கு நினைவூட்டுவார். அந்த எச்சரிக்கை தோட்டத்தோடு நின்றுவிட்டது. வீட்டுக்குள் அதே மோட்டார் வெள்ளைப் பெட்டிக்குள் உட்கார்ந்து வந்ததும் நமக்குப் பயம் போய்விட்டது.

எர்த் என்ன செய்கிறது? மெஷினுக்குள்ளே ஏதோ ஒரு ஒயர் நைந்து உடம்பைத் தொட்டுவிட்டது என்று வையுங்கள். மூன்றாவது கம்பி இருந்தால் மின்சாரம் அதன் வழியே பூமிக்குப் போய்விடும். இல்லையென்றால், தொடுகிறவர் உடம்புதான் மூன்றாவது கம்பி.

"எங்க வீட்டில் எம்சிபி இருக்குங்களே" என்பவர்கள் உண்டு. எம்சிபி ஒயரைக் காப்பாற்றுவதற்காக வைத்தது. 16 ஆம்பியர் எம்சிபி அதற்கு மேல் போனால்தான் விழும். மனிதன் உயிர் போவதற்கு ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். அது எம்சிபியின் கண்ணில் படவே படாது. மனிதனைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. எலெக்ட்ரீஷியன்கள் சிலர் பழைய பழக்கத்தில் ஈஎல்சிபி என்பார்கள்.

அது வேலை செய்யும் விதம் என்னைப் போன்ற பழைய குமாஸ்தாவுக்கு எளிதில் புரிகிறது. சாயங்காலம் ரொக்கப் புத்தகத்தைச் சரிபார்ப்போமே, அதேதான். ஃபேஸில் போன மின்சாரம் எவ்வளவு, நியூட்ரலில் திரும்பி வந்தது எவ்வளவு என்று அது ஓயாமல் கணக்குப் பார்க்கிறது. இரண்டும் சரியாக இருந்தால் சும்மா இருக்கும். வீட்டுக்குப் போடும் ஆர்சிசிபியில், 30 மில்லி ஆம்பியர் துண்டு விழுந்தால் கண் இமைப்பதற்குள் கவுண்டரைச் சாத்திவிடும். பிரெஞ்சில் இதற்கு 'திஃபெரான்சியேல்' என்று பெயர். வித்தியாசம் பார்ப்பது என்று பொருள். பிரான்சில் 1991 முதலே புது வீடுகளின் பிளக் பாயிண்ட்களுக்கு இந்த 30 மில்லி ஆம்பியர் காவல் கட்டாயம். நம் நாட்டிலும் இப்போது விதிகள் வந்துவிட்டன. ஆனால் விதி புது இணைப்பு வாங்குகிறவரைத்தான் எட்டுகிறது. நாற்பது வருடத்துக்கு முன்னால் கட்டிய வீட்டுக்குள் யாரும் வந்து பார்ப்பதில்லை. வயதானவர்கள் இருப்பது அந்த வீடுகளில்தான்.

ஆர்சிசிபி இருந்தால் எர்த் வேண்டாமா என்றால், இரண்டும் வேண்டும். எர்த் இருக்கும் வீட்டில், மெஷின் உடம்புக்கு மின்சாரம் கசிந்த உடனேயே ஆர்சிசிபி விழுந்துவிடும். எர்த் இல்லாத வீட்டில் ஒருவர் தொட்ட பிறகுதான் விழும். அந்த ஒருவர் யாராக இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

செலவைச் சொல்லித் தயங்குகிறவர்களுக்கு என் பதில்: இருபதாயிரம், முப்பதாயிரம் கொடுத்து மெஷின் வாங்குகிறோம். அதில் ஒரு பகுதியில் இந்த வேலை முடிந்துவிடும். அடுத்து ஹீட்டர், கிரைண்டர், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றுக்கும் அதே காவல்தான். எலெக்ட்ரீஷியனிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். எர்த் கிடைக்கவில்லை என்று பாயிண்டுக்குள்ளேயே எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்து முடிச்சுப் போடக் கூடாது. நியூட்ரல் எங்காவது அறுந்தால் மெஷின் முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். மூன்று முள் பிளக்கில் பெரிய முள்ளை ஒடித்து, இரண்டு ஓட்டை எக்ஸ்டென்ஷனில் செருகுவதும் அதே குற்றம்தான். வெந்நீர் போடும் மெஷின் 2000 வாட் வரை இழுக்கும். அதற்குச் சுவரில் உள்ள 16 ஆம்பியர் பாயிண்ட்தான் வேண்டும்.

எர்த் கெட்டியாக இருந்தாலும், கசிவு வராமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. நம் ஊரில் அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று எலி. பல டாப் லோடு மெஷின்களுக்கு அடிப்பாகம் திறந்தே இருக்கும். எலி உள்ளே புகுந்து ஒயரைக் கடிக்கும். அடியில் வலைத் தட்டு போடச் சொல்லுங்கள். மற்றொன்று உப்புத் தண்ணீர். நகராட்சிக் குழாயில் திருமூர்த்தி அணைத் தண்ணீர் வரும் நாளில் சோப்பு நன்றாக நுரைக்கிறது. போர்த் தண்ணீரில் நுரையே வராது. மேலும் மேலும் பவுடரைக் கொட்டுகிறோம். அந்த உப்பு ஹீட்டர் கம்பியில் காரையாகப் படிந்து, சூடு வெளியேற முடியாமல் கம்பி வெடிக்கும். வெடித்தால் மின்சாரம் தண்ணீரில் இறங்கும். ஹீட்டர் உள்ள மெஷினை, கையேட்டில் அனுமதித்திருந்தால், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை துணி போடாமல் எலுமிச்சை உப்பைப் போட்டு வெந்நீரில் ஓட்டுங்கள். அதோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு வரும். நல்ல தண்ணீர் வரும் நாளாகப் பார்த்துத் துவைத்தால் பாதித் தொல்லை தீரும்.

வேறு சில ஆபத்துகளும் உண்டு. செமி ஆட்டோமேடிக்கில் பிழியும் தொட்டி முழுதாக நிற்கும்வரை கையை உள்ளே விடாதீர்கள். மூடியைத் திறந்தால் நின்றுவிடும் என்று நம்ப வேண்டாம். பிரேக் தேய்ந்திருந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டுதான் பக்கத்தில் போக வேண்டும். படுக்கையில் இருப்பவர்களுக்கு விரிக்கும் ரெக்சின் விரிப்பு, மழைக்கோட்டு இவற்றை மெஷினில் பிழியவே கூடாது. தண்ணீர் அதற்குள் மாட்டிக்கொண்டு ஒரு பக்கம் பாரம் ஏறும், டிரம் தாறுமாறாக ஆடும். பெரிய விரிப்பு, தண்ணீர் புகாத துணி போன்றவற்றைப் பிழியும்போது மேல்மூடியே கழன்று தெறிப்பதாகப் புகார் வந்து, 2016-இல் சாம்சங் கம்பெனி அமெரிக்காவில் ஏறத்தாழ 28 லட்சம் டாப் லோடு மெஷின்களைத் திரும்பப் பெறும் அறிவிப்பு செய்தது. நம் பக்கத்தில் ஆனி, ஆடிக் காற்று காற்றாலைகளையே சுற்றவைக்கிறது. மொட்டை மாடிக் கொடியில் போட்டால் அரை நாளில் காய்ந்துவிடும். பிழிவதற்கு அவசரம் எதற்கு?

பேரக்குழந்தைகள் விடுமுறைக்கு வரும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 2017-இல் டெல்லி ரோகிணியில், தண்ணீர் நிரம்பிய டாப் லோடு மெஷினுக்குள் விழுந்து மூன்று வயது இரட்டைக் குழந்தைகள் இறந்த செய்தியைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். தாய் சிறிது நேரம் வெளியே போயிருந்தபோது நடந்தது. தொட்டியில் தண்ணீரை நிறுத்தி வைக்காதீர்கள். பக்கத்தில் ஏறி நிற்க ஸ்டூல், வாளி எதுவும் இருக்க வேண்டாம். வேலை முடிந்ததும் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயையும் மூடுங்கள்.

கடைசியாக நம் வயதுக்காரர்களுக்கு. லேசாகச் சுர்ரென்றால் அது மெஷினின் குணம் இல்லை, எச்சரிக்கை. பலகை போடாதீர்கள், செருப்புப் போடாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். "பையன் வந்தா பாத்துக்கலாம்" என்று பொங்கல் வரை தள்ளாதீர்கள். ஆர்சிசிபியில் 'டெஸ்ட்' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை, பென்சன் வரவு வைத்த அன்று, அதை அழுத்துங்கள். படக்கென்று விழுந்தால் நல்லது, மறுபடி தூக்கிவிடலாம். விழவில்லையென்றால் அன்றே மாற்றுங்கள். நாம் உயிரோடு இருக்கிறோம் என்று வருடம் ஒரு முறை சர்க்காருக்குச் சான்று கொடுக்கிறோம். எர்த்துக்கும் வருடம் ஒரு முறை, பங்குனி முடிவதற்குள், எலெக்ட்ரீஷியனை வைத்து நேர்காணல் நடத்திவிடுங்கள். அது உயிரோடு இருந்தால்தான் நம் சான்றுக்கு அர்த்தம்.