குசினி யன்னலுக்கு எந்தச் சீலை?

புதுவீடு கட்டிக் குடிபுகுந்த சகோதரி ஒருவர் வலிகாமத்திலிருந்து எழுதியிருக்கிறார். அவருடைய குசினிக்கு 6 அடி அகலமும் 4 அடி உயரமும் உள்ள பெரிய யன்னல் ஒன்று வைத்திருக்கிறார்களாம். அது மேற்குப் பார்த்தது. பின்னேர வெயில் உள்ளே புகுந்து ஆளை நிற்கவிடாது. எதிரே அடுத்த வீட்டு விறாந்தை. அங்கிருப்பவர்களுக்கு இங்கே நடப்பதெல்லாம் தெரியும். மண்டபத்துக்கு வாங்கிய தடித்த பொலியெஸ்டர்த் துணியில் மீதி இருப்பதால் அதையே இதற்கும் தொங்கவிடலாம் என்பது கணவரின் யோசனை. இவ்வளவையும் எழுதிவிட்டு, அடுப்பு யன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது என்பதைக் கடிதத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் குறித்திருக்கிறார்.

அந்த ஓரக் குறிப்பிலிருந்தே மறுமொழியைத் தொடங்கவேண்டியிருக்கிறது. அடுப்பு அந்த இடத்தில் இருக்கும்வரை அங்கே எந்தச் சீலையும் தொங்கலாகாது. சோளகம் வீசும் மாதங்களில் யன்னற் சீலை எப்படிப் பறக்கும் என்பதை யாழ்ப்பாணத்தவர்க்கு நான் சொல்லவேண்டியதில்லை. அதன் விளிம்பு ஒருமுறை சுவாலையைத் தொட்டாற் போதும். பருத்தித் துணி பற்றிக்கொண்டு மேலே ஏறும். பொலியெஸ்டரோ உருகிச் சொட்டும். சொட்டியது தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். தடித்த துணி என்பதனால் அபாயம் குறைவதில்லை.

இன்னொன்றும் உண்டு. யன்னற் காற்று சுவாலையை அணைத்துவிட்டால் எரிவாயு சத்தமின்றி வெளியேறிக்கொண்டே இருக்கும். சிலிண்டரில் வரும் வாயு காற்றிலும் பாரமானது. தரையோடு பரவிக் கிடக்கும். மேலேயுள்ள யன்னல் வழியாக அது தானே போய்விடாது. ஆகவே, அடுப்பைப் பக்கச் சுவரோரமாக மாற்றிவிடுங்கள். சீலையின் ஓரத்துக்கும் அடுப்புக்கும் இடையே 3 அடியேனும் இருக்கவேண்டும். மாற்றும்போது வாயுக் குழாய் வெடித்திருக்கிறதா, இழுபடுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது. மாற்றவே முடியாத நிலையானால், சீலை ஆசையை விட்டுவிட்டுக் கீழ்ப்பாதிக்கு ஒளிபுகுந்து உருவந் தெரியாத மங்கற் கண்ணாடி போடுங்கள்.

பழைய நாற்சார் வீடுகளில் இந்தத் தொல்லை இருக்கவில்லை. சமையற்கட்டு பின்புறத்தில் ஒதுங்கி நிற்கும், சிறிய யன்னல், சுவரெல்லாம் புகைக் கரி. அங்கே சீலைக்கு என்ன வேலை? அந்த இருட்டில் நின்ற நம் பாட்டிமார் அரிசியிற் கல்லைக் கண்டுபிடிக்க முற்றத்துக்கு வரவேண்டியிருந்தது. இன்று பெரிய யன்னல் வைத்து வெளிச்சத்தை உள்ளே அழைத்தபின், தடித்த துணியால் அதை மூடி, பகலில் மின்விளக்குப் போட்டுச் சமைப்பது என்ன நியாயமோ! மண்டபத்துச் சீலையோடு நிறம் பொருந்துகிறதா என்பது விருந்தாளியின் கண்ணுக்கு உரிய விஷயம். குசினி யன்னலை அங்கே நாளில் பாதியை நின்று கழிப்பவரின் சௌகரியத்தைக் கொண்டே தீர்மானிக்கவேண்டும்.

இனி வெயிலைப் பார்ப்போம். யன்னலுக்கு மேலுள்ள கொங்கிறீற்றுத் தட்டு நண்பகல் வெயிலைத் தடுக்கும். பிற்பகல் 3 மணிக்குப் பின்னரோ சூரியன் சரிந்து அதன் கீழாக நுழைந்துவிடுகிறான். அவ்வெயிலை உட்புறச் சீலையால் தடுக்க முயல்வது வீண் செலவு. கண்ணாடியைக் கடந்து வந்த வெப்பம் சீலையைச் சூடாக்கும். அந்தச் சூடு அறைக்குள்ளேயே தங்கும். கண்ணாடிக்கு வெளியே தடுத்தால்தான் குளிர்ச்சி. இதற்கு மூங்கில் தட்டியைப்போல மலிவான சாதனம் வேறில்லை. சுவரிலிருந்து அரையடி விலக்கித் தொங்கவிட்டாற் காற்று இடையே ஓடும். காலையிற் சுருட்டிக் கட்டிவிட்டு, மதியச் சாப்பாடு முடிந்ததும் இறக்கிவிடலாம். ஐப்பசி மழைக்கு முன் கழற்றி உள்ளே வைக்கத் தவறினால் பூஞ்சணம் பிடிக்கும்.

எதிர்விறாந்தைப் பார்வைக்கு அரைச்சீலை போதும். யன்னலின் அடிக்கட்டை தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் இருந்தால், 2 அடிச் சீலையின் மேல்விளிம்பு ஐந்தரை அடிக்கு வந்துவிடும். நிற்பவரின் முகம் மறைந்துவிடும். மேற்பாதியால் வெளிச்சமும் காற்றும் தாராளமாக வரும். பகலில் வெளியே வெளிச்சம் மிகுதியாதலால் மெல்லிய துணிகூட உள்ளிருப்பவரை மறைக்கும். இரவில் விளக்கேற்றியதும் நிலைமை தலைகீழாகிவிடும். அதனால் சல்லாத் துணி வேண்டாம்; நடுத்தரக் கனமுள்ள பருத்தியே நன்று. மருதமுனைக் கைத்தறித் துணி இதற்கு மிகப் பொருந்தும். வெள்ளை, இளமஞ்சள், மங்கலான கோடு போட்டது எதுவும் சரி. கடுஞ்சிவப்பும் பச்சையும் மட்டும் வேண்டாம். அவற்றினூடாக வரும் ஒளியில் மீனின் செவுள் நிறத்தையும் தாளிதத்தின் பதத்தையும் அறிவது கடினம். வாங்குமுன் ஈர வெள்ளைத் துணியால் ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். சாயம் போகுமானால் உடனே தெரிந்துவிடும்.

அளவு இது: 45 அங்குல அகலத் துணியில் மூன்று துண்டுகள். சேர்த்துத் தைத்தால் 135 அங்குலம் வரும். 72 அங்குல யன்னலுக்கு அழகான சுருக்கம் விழ அது போதும். ஒவ்வொரு துண்டும் 24 அங்குலத் தொங்கலோடு மடிப்புகளுக்கு 7 அங்குலம் சேர்த்து 31 அங்குல நீளம். மூன்று யார் வாங்கினால், மீற்றரிற் கேட்டால் இரண்டே முக்கால், சுருங்குவதற்கும் இடமிருக்கும். வெட்டுமுன் ஒருமுறை நனைத்துக் காயவைக்கவேண்டும். மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி என இரண்டிலும் கோத்துவிட்டாற் சோளகத்துக்கும் பறக்காது.

கடைகளில் ஆசைகாட்டும் தகட்டுத் திரைகள் குசினிக்கு உதவா. தாளிதப் புகையின் எண்ணெய் ஒவ்வொரு தகட்டிலும் படியும். அதை ஒவ்வொன்றாகத் துடைக்கும் பொறுமை யாருக்கு இருக்கிறது? அவற்றை இழுக்கும் கயிறு வளையமாகத் தொங்கினால் சிறு குழந்தைகளின் கழுத்திற் சிக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். நுளம்பு வலையை மட்டும் யோசியுங்கள். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 180,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சல் கண்டது. அந்த நுளம்பு கடிப்பது பகலில். கழற்றிக் கழுவக்கூடிய சட்டத்தில் அடித்த வலையாக இருக்கட்டும். எண்ணெய்ப் பசையும் தூசியும் அடைத்த வலையூடாகக் காற்று வராது.

சீலையில் இரண்டு சோடி தைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றி, சவர்க்காரம் கரைத்த சுடுநீரில் அரைமணி நேரம் ஊறவைத்துக் கசக்கினால் எண்ணெய்ப் பசை விட்டுவிடும். 2022ஆம் ஆண்டின் எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது விறகடுப்புக்குத் திரும்பி, அதையே இன்னும் வைத்திருப்பவர்கள் வாரந்தோறும் துவைக்கவேண்டியிருக்கும்.