வரி இல்லை என்றாலும் ரிட்டர்ன் போடுங்கள்

வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. பிராட்பேண்ட் இணைப்பும் வந்துவிட்டது. வெப்சைட் வடிவமைக்கக் கற்றுக்கொண்டு, தெரிந்த கம்பெனிக்கு ஒரு வேலையும் முடித்துக் கொடுத்தீர்கள். வங்கிக் கணக்கில் பணம் விழுந்தது. அடுத்து என்ன? அடுத்த வேலையைப் பிடிக்க வேண்டும் என்றுதான் நம்மில் பெரும்பாலானவர்கள் நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதில் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் கோட்டை விட்டேன்.

எனக்குக் கிணத்துக்கடவு. எங்கள் ஊர் காய்கறி மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டிக் கணக்கெல்லாம் துண்டுச் சீட்டில் ஓடும். மீதி நம்பிக்கை. அந்தப் பழக்கத்திலேயே வளர்ந்தவன், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த பிறகும் அதையே செய்தேன். 2017-ல் வீட்டிலிருந்தே வெப்சைட் வேலை செய்ய ஆரம்பித்தேன். பொள்ளாச்சிப் பக்கம் இரண்டு தென்னை நார் கம்பெனிகள், கோவையில் ஒரு பம்பு கம்பெனி. வருடத்துக்குச் சுமார் 3,60,000 ரூபாய்க்கு வேலை. கைக்கு வந்தது 3,24,000. மீதி 36,000 ரூபாயை டி.டி.எஸ். என்று பிடித்துக்கொண்டார்கள். ‘வரி கட்டியாச்சு, நம் கடமை முடிந்தது’ என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். மூன்று வருடம் இப்படியே போனது.

2021 ஆவணியில் வீடு கட்டக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். சம்பளச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். சொந்த வேலை செய்பவனுக்கு ஏது சம்பளச் சீட்டு? அப்படியானால் மூன்று வருட வருமான வரி ரிட்டர்ன் கொண்டு வாருங்கள் என்றார்கள். அதுவும் இல்லை. நேராக ஆடிட்டரிடம் ஓடினேன். அவர் என் பான் எண்ணை வைத்து 26ஏ.எஸ். என்ற பக்கத்தை எடுத்துப் பார்த்தார். மூன்று வருடத்துக்கும் சேர்த்து 1,08,000 ரூபாய் என் பெயரில் கிடந்தது.

“தம்பி, இது பூராவும் உங்க பணமுங்க. காலத்துல ரிட்டர்ன் போட்டிருந்தா திரும்பி வந்திருக்குமுங்க” என்றார்.

எப்படி என்று கேட்டேன். வருமான வரிச் சட்டத்தில் 2016-ல் 44ஏ.டி.ஏ. என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். தகவல் தொழில்நுட்பம், மருத்துவம், பொறியியல் போன்ற குறிப்பிட்ட தொழில் செய்பவர்கள் வாங்கிய மொத்தத் தொகையில் பாதியை வருமானம் என்று காட்டினால் போதும். செலவுக்கு ரசீது காட்ட வேண்டியதில்லை. என் 3,60,000-ல் பாதி 1,80,000. அப்போது 2,50,000 வரை வரியே கிடையாது. ஆக, நான் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். ரிட்டர்ன் போட வேண்டிய கட்டாயமும் இல்லை. சட்டப்படி நான் எந்தத் தப்பும் செய்யவில்லை! ஆனால் பிடித்த பணம் தானாகத் திரும்பி வராது. ரிட்டர்ன் போட்டுக் கேட்டால்தான் வரும். அதற்கான கெடு மூன்று வருடத்துக்கும் முடிந்திருந்தது. தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனுப் போடலாம் என்றார் ஆடிட்டர். அலைச்சலுக்குப் பயந்து நான் போடவில்லை. அது என் சோம்பேறித்தனம்.

“கணக்குக் காட்டினால் மாட்டிக்கொள்வோம்” என்று எங்கள் பக்கம் பேசுவார்கள். நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பணம் தரும் கம்பெனி உங்கள் பான் எண்ணோடு கணக்கை ஏற்கெனவே அனுப்பிவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது? 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்குப் பொதுவாக வரியே வராது. சிறிய ஃப்ரீலான்சருக்கு ரிட்டர்ன் என்பது வரி கட்டும் காகிதம் அல்ல. அதுதான் அவருடைய சம்பளச் சீட்டு.

அரசாங்கத்தின் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. வரியே வராதவரிடம் நூற்றுக்குப் பத்து ரூபாய் பிடிப்பது அதிகம். ஒரு கம்பெனி வருடத்துக்கு 30,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் பிடிக்கலாம் என்றிருந்ததை 2025 ஏப்ரலில் 50,000 ஆக்கினார்கள். இன்னும் உயர்த்த வேண்டும். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும், ஜாக்கிரதை. ஆதார் இருந்தால் வருமான வரித் துறையின் இணையதளத்திலேயே இலவசமாக உடனடி இ-பான் எடுக்கலாம்.

கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்குக் கணக்கு எழுதுவது பெரிய வேலை இல்லை. எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் ஒரு ஷீட் போதும். தேதி, பில் எண், கம்பெனி பெயர், பில் தொகை, பிடித்த வரி, கைக்கு வந்தது. மாதம் ஒருமுறை பென் டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள். தொழில் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டால் குழப்பம் பாதியாகக் குறையும். அப்வொர்க், ஃபைவர் மூலம் வெளிநாட்டுப் பணம் வாங்குபவர்கள் அதற்கு இங்கே வரி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பணமும் கணக்கில் வரும். வரி வருமானால் மார்ச் 15-க்குள் நீங்களே முன்வரி கட்ட வேண்டியிருக்கும்.

டேட்டா என்ட்ரி, டைப்பிங் செய்பவர்களுக்கு வேறு பிரிவு பொருந்தலாம். முதல் வருடம் மட்டுமாவது ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். 2026 ஏப்ரல் 1 முதலான புதிய வருமான வரிச் சட்டத்திலும் இந்த வசதிகள் உண்டு, பிரிவு எண்கள்தான் வேறு.

ஜி.எஸ்.டி. என்றாலே பயப்படுகிறார்கள். நம் மாநிலத்தில் சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு வேண்டும். பதிவு இல்லாமல் பில்லில் ஜி.எஸ்.டி. போட்டு வசூலிப்பதுதான் தப்பு. பேரூராட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி உண்டு. வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகாது. கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள், வங்கியில் காட்ட உதவும்.

ரிட்டர்ன் அனுப்பியதும் முப்பது நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. கொடுத்து உறுதி செய்ய வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ‘உங்கள் ரீஃபண்ட் தயார், இங்கே க்ளிக் செய்யவும்’ என்று வரும் மெயிலைத் தொடவே தொடாதீர்கள். அரசு இணையதள முகவரியை நீங்களே டைப் செய்து உள்ளே போங்கள்.

அந்த 2021-லேயே, 2020-21-க்கான ரிட்டர்னைக் கெடுவுக்குள் போட்டேன். அந்த வருடம் பிடித்த பணம் வட்டியோடு வந்தது. 2023-ல் மூன்று ரிட்டர்ன்களையும் எடுத்துக்கொண்டு அதே வங்கிக்குப் போனேன். கடன் கிடைத்தது. 2024 தையில் அஸ்திவாரம் போட்டோம். மூன்று வருடம் முன்பே ஆரம்பித்திருந்தால் சிமென்ட்டும் கம்பியும் என்ன விலைக்கு வாங்கியிருக்கலாம் என்று கொத்தனார் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் எக்ஸெல் ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.