பெட்டிக்குள் ஒரு தங்கை

"பேய்ப் படமா பார்க்கிறீர்கள்? படிக்கிற வயதில் இதெல்லாம் எதற்கு?" கோடை விடுமுறையில் தோழி ஒருத்தியின் வீட்டில் நாங்கள் ஐவர் தொலைக்காட்சி முன் அமர்ந்தபோது, அவளுடைய பாட்டி கேட்ட கேள்வி இது. அன்று எங்களால் பதில் சொல்ல இயலவில்லை. தொடர் முழுவதையும் பார்த்து, எங்களுக்குள் வாதாடிய பின் எழுதும் பதிலே இக்கட்டுரை.

நாங்கள் பார்த்தது 'டீமன் ஸ்லேயர்' என்னும் ஜப்பானிய அனிமே தொடரின் முதல் பருவம். கொயோஹாரு கொதோகே படைத்த சித்திரக்கதையை, ஹருவோ சொதொசாகியின் இயக்கத்தில் யூஃபோடேபிள் நிறுவனம் 2019ஆம் ஆண்டு 26 பகுதிகளாக வழங்கியது. கதை நடப்பது ஜப்பானின் தைஷோ காலத்தில். கரி விற்கச் சென்ற தஞ்சிரோ என்னும் சிறுவன் மறுநாள் வீடு திரும்பும்போது, தாயும் உடன்பிறந்தோரும் அரக்கனால் கொல்லப்பட்டுக் கிடக்கின்றனர். உயிர் தப்பிய ஒரே தங்கை நெசுகோவோ அரக்கியாக மாறிவிடுகிறாள். அவளை மீண்டும் மானிடப் பெண்ணாக்க வேண்டும் என்பதற்காகவே அவன் வாளேந்துகிறான்.

முதலில் நிறைகளைச் சொல்வோம். தஞ்சிரோ அரக்கர்களை வெல்கிறான்; ஆனால் வெறுக்கவில்லை. கைகளே உடலாய் வளர்ந்த அரக்கன் ஒருவன் மடியும் வேளையில், அவன் கையைப் பற்றிக்கொள்கிறான். பயமுறுத்தியே ஒரு குடும்பத்தை உண்டாக்கிக்கொண்ட ருயி மடிந்தபோது, அவனுடைய ஆடையை மூத்த வீரர் ஒருவர் மிதிக்கிறார். காலை எடுக்கும்படி தஞ்சிரோ வேண்டுகிறான். அரக்கரும் ஒரு காலத்தில் மனிதராய் இருந்தவர்தாமே என்பது அவன் எண்ணம். பகைவனிடம் இரக்கம் காட்டும் வீரனை நாங்கள் வேறு சண்டைப் படங்களில் அதிகம் கண்டதில்லை.

அவனுடைய வெற்றி மந்திரத்தால் வந்ததன்று. ஒரு பாறையைப் பிளக்கும் வரை, இரண்டு ஆண்டுகள் மலையில் பயிற்சி பெறுகிறான். பொதுத் தேர்வை எதிர்நோக்கும் எங்களுக்கு இது நல்ல பாடம். வாள் வீச்சில் எழும் நீரலைகள் பழைய ஜப்பானிய மரச்செதுக்கு ஓவியங்கள் போல் பாய்வதும், 19ஆம் பகுதியில் தந்தையின் நெருப்பு நடனம் மகனின் நினைவில் எழுவதும் கண்ணுக்கு விருந்து.

குறைகளும் உண்டு. படமே காட்டுவதைத் தஞ்சிரோ மனத்திற்குள் மறுபடியும் விளக்கிக்கொண்டிருக்கிறான். ஸெனிட்சுவின் ஓயாத அலறல் காதைத் துளைக்கிறது. வழியில் கண்ட பெண்ணிடம் மணந்துகொள்ளும்படி அவன் கெஞ்சுவதை நகைச்சுவை என்கிறார்கள். எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. கதையும் முடியாமல், வீரர்கள் ரயில் ஏறுவதோடு நின்றுவிடுகிறது. தொடர்ச்சியை 2020இல் திரைப்படமாக வெளியிட்டார்கள். இரத்தம் மிகுதியாதலால் ஆறாம், ஏழாம் வகுப்புத் தங்கையருக்கு இது ஏற்றதன்று.

எங்களைப் பெரிதும் வாதாட வைத்தவள் நெசுகோதான். வாயில் மூங்கில் கட்டை. வெயில் அரக்கரைக் கொல்லும் என்பதால், பகலெல்லாம் அண்ணன் முதுகில் சுமக்கும் பெட்டிக்குள் வாசம். பேச்சே இல்லை. "எவ்வளவு பொறுமையான பெண்!" என்றனர் இருவர். "ஊமையாக்குவதற்குப் பெண்தான் கிடைத்தாளா?" என்று கேட்டனர் மற்ற இருவர்.

விடை 23ஆம் பகுதியில் கிடைத்தது. அவளைக் கொல்லத் துடிக்கும் ஒரு வீரர், தம் கையைக் கீறி இரத்தம் சொட்டச் சொட்ட நீட்டுகிறார். வாளால் குத்துண்டு, பசியால் துடிக்கும் நெசுகோ முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அண்ணன் எவ்வளவு மன்றாடியும் முழுதும் நம்பாத சபை அப்போது அடங்குகிறது. அங்கே தீர்ப்பை வாங்கித் தந்தது அவளே எடுத்த முடிவு. அதைப் போற்றுவோம், வாயடைப்பைப் போற்ற வேண்டியதில்லை. அடக்கம் வேறு, அடைத்து வைப்பது வேறு. இத்தகைய மனத்திண்மை உள்ளவளுக்குக் கதாசிரியர் இன்னும் சற்று இடம் தந்திருக்கலாம்.

ஆகவே, பாட்டி, இது பேய்ப் படந்தான். ஆனால் பேயாகாமல் இருக்க ஒரு பெண் படும் பாட்டைச் சொல்லும் படம். பெற்றோரே, வேண்டாம் என்று சொல்லுமுன் ஒரு நாள் எங்களோடு அமர்ந்து பாருங்கள். தோழியரே, கோபமும் ஆசையும் நம் முன் கையை நீட்டும் வேளையில், நெசுகோவைப் போல் முகத்தைத் திருப்பிக்கொள்ள நாமும் பழகுவோம்!