ஓவன்ஸுக்கு அளித்த கௌரவம்

அமெரிக்க சர்வகலாசாலைகள் விளையாட்டிற் சிறந்த தம் பழைய மாணாக்கரின் பெயர்களைக் ‘கீர்த்தி மண்டபம்’ என்னும் வரிசையிற் சேர்த்துக் கௌரவிக்கின்றன. வழக்கம் நல்லதே. ஆயினும் அக்கௌரவம் எக்காலத்தில் வந்து சேருகிறதென்பதையும் கவனித்தல் வேண்டும்.

ஒஹாயோ ஸ்டேட் சர்வகலாசாலை 1977-ம் வருஷத்தில் தன் மண்டபத்தை ஸ்தாபித்தபொழுது, ஜெஸ்ஸி ஓவன்ஸின் பெயரை முதல் வரிசையிலேயே வைத்தது. 1935-ம் வருஷம் மே மாதம் 25-ந் தேதி ஆன் ஆர்பர் மைதானத்தில் அச்சர்வகலாசாலைக்காகப் போட்டியிட்டு, முக்கால் மணி நேரத்திற்குள் மூன்று உலக சாதனைகளை நிறுவி, நான்காவதொன்றைச் சமன் செய்தவர் இவரே. அன்று அவர் தாண்டிய 8.13 மீட்டரை 25 வருஷ காலம் எவரும் மிஞ்சவில்லை.

அத்தகைய வீரருக்குச் சர்வகலாசாலை விடுதியில் இடமில்லை! அவர் கறுப்பர் என்பதைத் தவிர வேறு காரணம் யாது? விளையாட்டுக்கான உபகாரச் சம்பளமும் கிடையாது. லிப்ட் இயக்கிக் கூலி பெற்றுப் படித்தார். 1936-ல் பெர்லினில் நான்கு தங்கப் பதக்கங்கள் வென்று ஹிட்லரின் இன அகந்தையைத் தலைகுனியச் செய்தவர், சுதேசம் திரும்பியபின் ஜீவனத்தின்பொருட்டுக் குதிரைகளோடு பந்தயம் ஓடினார். வேடிக்கை பார்க்கக் கூட்டத்திற்குக் குறைவில்லை.

கௌரவ டாக்டர் பட்டம் 1972-ல் வந்தது. மண்டபம் அதற்கும் ஐந்து வருஷம் பின்னர். 1980-ல் அவர் காலமானார். அவர் பெயர் தாங்கிய மைதானம் 2001-ல் திறக்கப்பட்டது. ஓவன்ஸின் பதக்கங்களை எண்ணிச் சொல்லும் சர்வகலாசாலை, அவருக்கு மூடியிருந்த விடுதிக் கதவையும் அவ்விடத்திலேயே எழுதிவைப்பது நியாயமென்பது நமது அபிப்பிராயம்.