ஒரு மடக்குத் தண்ணீரும் ஐந்தாறு தையலும்

தைப் பொங்கலை ஒட்டி சேவுகம்பட்டி சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறை விடுகிறார்கள். வேண்டிக்கொண்டவர்கள் கூடை கூடையாகப் பழம் கொண்டுவந்து வீச, கீழே நிற்கும் கூட்டம் அண்ணாந்து பிடிக்கிறது. கூட்டத்தைக் கண்டாலே முகம் சுளிக்கும் இந்தப் பத்தியாளருக்கு இந்த வாரம் மனம் குளிர்ந்ததற்கு அந்தப் பழங்களே காரணம். சாமி கும்பிடப் போனவர்கள் நார்ச்சத்தோடு வீடு திரும்பும் திருவிழா வேறு எங்கே இருக்கிறது? சிறுமலை வாழைக்கும் விருப்பாச்சி வாழைக்கும் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் மாவட்டத்துக்கு வாழைப்பழத்தின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

குளிர்ச்சி அவ்வளவோடு சரி. பழம் வீட்டுக்குப் போனதும் பங்கு பிரிக்கிறார்கள். அப்பத்தாவுக்கு ஒன்று, பேரனுக்கு இரண்டு, பக்கத்து வீட்டுக்கும் போகிறது. உள்ளறையில் பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவளுக்கு மட்டும் கிடையாது. பச்சை உடம்பு, பழம் குளிர்ச்சி, தாய் தின்றால் பிள்ளைக்குச் சளி பிடிக்குமாம்.

பழத்தைக்கூட விட்டுவிடலாம். தண்ணீரையுமா?

பத்தியாளருக்கும் தண்ணீர்ச் செம்புக்கும் உள்ள வழக்கு தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். மறுபடியுமா என்று சலித்துக்கொள்பவர்கள் குறுக்கெழுத்துப் பக்கத்துக்குப் போகலாம். வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. “ஏத்தா, ஒரு மடக்கு போதும், வயிறு ஊதிரும்” என்று அம்மாச்சி தீர்ப்புச் சொல்கிறார். “தண்ணி குடிச்சா தையல் சீழ் கோத்துக்கும்” என்று பார்க்க வந்த மதினி அதை உறுதிசெய்கிறார். தாகத்தில் நாக்கு ஒட்டிக் கிடக்கும் பெண்ணுக்கு மேல்முறையீட்டுக்கு வழியில்லை.

பிள்ளை பெற்றவளின் வயிறு உப்பியிருப்பதற்குத் தண்ணீர் காரணமில்லை. விரிந்த கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஆறு வாரம் ஆகிறது, தளர்ந்த வயிற்றுத் தசை இறுக இன்னும் அதிக நாள் பிடிக்கிறது. தையலில் சீழ் வைப்பது கிருமி. குடித்த தண்ணீர் அந்தப் பக்கமே போவதில்லை. தண்ணீரைக் குறைத்தால் நடப்பது வேறு. மூத்திரம் எரிகிறது, மலம் இறுகுகிறது. போதாததற்கு இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தை இறுக்கும். முக்கினால் தையல் பிரிந்துவிடுமோ என்று பயந்து அவள் அடக்குகிறாள், அடக்க அடக்க மேலும் இறுகுகிறது. இதற்கிடையே இரண்டு மணிக்கு ஒருமுறை பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டும். பிள்ளை வாய் வைத்ததும் தாய்க்குத் தாகம் எடுப்பது இயல்பு, பால் கொடுக்கிற நாளில் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தண்ணீர் வேண்டும்.

பத்தியம் முழுவதையும் பழிக்கவில்லை. பூண்டுக் குழம்பும் நாட்டுக்கோழிச் சாறும் யார் உடம்பையும் கெடுத்ததில்லை. கீரையையும் பழத்தையும் பருப்பையும் விலக்கிவிட்டு, தண்ணீரையும் மடக்குக் கணக்கில் அளப்பதோடுதான் சண்டை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் அரசாங்கமே பேரீச்சம்பழம் வைத்துக் கொடுக்கிறது. பெட்டகம் ஒழுங்காக வீடு வந்து சேர்கிறது. பேரீச்சம்பழம் யார் வாய்க்குப் போகிறது என்பதை அந்தந்த வீடுகளில்தான் கேட்க வேண்டும்.

சூறைவிழாவைப் பற்றி எழுத உட்கார்ந்தது. போகட்டும், தையல் வரை வந்துவிட்ட பிறகு வாழைப்பழத்துக்குத் திரும்ப மனமில்லை. அந்தத் தையல் எங்கிருந்து வந்தது?

பிள்ளை பார்க்க வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: “நார்மலா, ஆபரேஷனா?” நார்மல் என்றதும் முகம் மலர்கிறது, பேச்சு பிள்ளையின் நிறத்துக்குத் தாவுகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். பாதிக்குச் சற்றுக் குறைவான பிள்ளைகள் வயிற்றைத் திறந்து பிறக்கும் மாநிலத்தில் நார்மல் என்பதே பெரிய நிம்மதி. கீழே போட்ட வெட்டைப் பற்றி வாய் திறப்பவர் இல்லை, பெற்றவள் உட்பட.

பிள்ளையின் தலை வெளியே வரும் தறுவாயில், வழி விரிவதற்காகப் பிறப்புறுப்பின் வாயில் கத்தரிக்கோலால் போடும் வெட்டு அது. ஆசனவாயை நோக்கிப் போய்விடாமல் பக்கவாட்டில் சாய்த்துப் போடுவார்கள். எபிசியோட்டமி என்பது அதன் பெயர். பல லேபர் வார்டுகளில் முதல் பிரசவம் என்றாலே அது உண்டு. எதற்கு என்று கேட்டால், தானாகக் கிழிவதைவிட வெட்டித் தைத்தால் நன்றாக ஆறும் என்பார்கள்.

அந்த நம்பிக்கைக்கு வயது அதிகம். 1742-இல் டப்ளின் மருத்துவர் ஃபீல்டிங் ஓல்ட் இந்த வெட்டை எழுதிவைத்தது, தலை வர வழியின்றிச் சிக்கிக்கொள்ளும் பிரசவத்துக்காக. 1920-இல் சிகாகோவின் ஜோசப் டிலீ அதைத் தலைகீழாக்கினார். முதல் பிரசவக்காரிகளுக்குச் சிக்கல் வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே வெட்டி, ஆயுதம் போட்டுப் பிள்ளையை எடுக்கலாம் என்று எழுதினார். சோதித்துப் பார்க்குமுன்பே அது வழக்கமாகிவிட்டது. சரியாகச் சோதித்தவர்களில் அர்ஜென்டினாக்காரர்கள் முக்கியமானவர்கள். 1993-இல் லான்செட் இதழில் வந்த அவர்களது ஆய்வில் 2,606 பெண்கள். ஒரு பிரிவில் வழக்கம்போல் நூற்றுக்கு 83 பேருக்கு வெட்டினார்கள், மற்றதில் தேவைப்பட்டால் மட்டும் என்று வைத்து 30 பேருக்கு. வெட்டைக் குறைத்த பிரிவில் ஆழமான கிழிசல் கூடவில்லை. வலியும் தையல் பிரிவதும் அங்கேதான் குறைவாக இருந்தன. 2018-இல் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்லிவிட்டது: தானாக நடக்கும் பிரசவத்தில் எல்லோருக்கும் வெட்டுவதைப் பரிந்துரைக்க முடியாது, போட்டே ஆகவேண்டுமென்றால் மரத்துப்போகும் ஊசியும் பெண்ணின் சம்மதமும் கட்டாயம்.

அதற்காக வெட்டே கூடாது என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போவதும் மடமைதான். பிள்ளையின் இதயத் துடிப்பு இறங்கும்போது, ஆயுதம் போட்டு எடுக்க நேரும்போது, அந்த வெட்டு பிள்ளையைக் காப்பாற்றலாம். அந்த நொடியில் கத்தரிக்கோல் வைத்திருப்பவரின் கண்ணைத்தான் நம்ப வேண்டும். நம்புவதற்கு முன் பேச வேண்டும், பேச அந்த நொடி ஏற்றதல்ல.

இந்த இடத்தில் டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரனைக் கொண்டுவராவிட்டால் பத்தியாளருக்குத் தூக்கம் வராது, வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். டி.வி.எஸ். நிறுவனரின் மகள், இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் படித்து 1936-இல் மருத்துவரானார். பிறகு ஜி. ராமச்சந்திரனை மணந்து, 1947-இல் அவரோடு சேர்ந்து காந்திகிராமத்தைத் தொடங்கினார். இன்று கஸ்தூரிபா மருத்துவமனையாக நிற்பது அன்று சின்னாளபட்டியில் சிறு பிரசவ விடுதியாகப் பிறந்தது. வலி எடுத்தவளை வீட்டுத் திண்ணை தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதே அந்தக் காலத்துப் போராட்டம். அதில் ஜெயித்தாயிற்று. தமிழ்நாட்டில் இன்று கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரியில்தான் பிறக்கின்றன. உள்ளே போனவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வது என்ற அடுத்த படி பாக்கி இருக்கிறது.

பிரசவத் திட்டம் என்றதும் வெளிநாட்டுக்காரர்கள் போல நாலு பக்கம் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. எட்டாம் மாத, ஒன்பதாம் மாதச் செக்கப்புக்கு வத்தலக்குண்டுக்கோ திண்டுக்கல்லுக்கோ போகும்போது டாக்டரிடம், அல்லது வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம் இதைச் சொன்னால் போதும்: “தேவைப்பட்டா மட்டும் வெட்டுங்க. வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டு, மரத்துப்போற ஊசி போட்டுட்டு வெட்டுங்க.” சொன்னதை அட்டையில் எழுதித் தரச் சொல்லலாம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணைக்கு இருக்கலாம். அழுபவரை விட்டுவிட்டு, இதை நினைவில் வைத்து வாய் திறந்து கேட்கக்கூடியவரை அனுப்ப வேண்டும்.

வெட்டைத் தவிர்க்கவும் சில வழிகள் உண்டு. முதல் பிரசவக்காரிகள் 35-ஆம் வாரம் முதல் வாரத்துக்கு ஓரிரு முறை அந்த இடத்தை எண்ணெய் தொட்டு விரலால் மெல்ல நீவிவிட்டால் தையலுக்கான வாய்ப்பு குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தலை வரும்போது வெதுவெதுப்பான துணியால் ஒற்றிக் கொடுத்தால் ஆழமான கிழிசல் குறையும். தலை தெரிந்த பிறகு “முக்கு, முக்கு” என்று கத்துவதை நிறுத்தி மூச்சு வாங்கவிட்டால் சதை விரிய நேரம் கிடைக்கும்.

வெட்டியாயிற்று, தைத்தாயிற்று என்றால்? நூல் தானே கரையும், பிரிக்க வேண்டாம். முதல் நாள் துணியில் சுற்றிய ஐஸ் வீக்கத்தைக் குறைக்கும். பிறகு அகலமான டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் உட்காரலாம். வேது என்று கொதிக்கக் கொதிக்கத் தையல் மேல் ஊற்றுவது அதுவல்ல. மூத்திரம் போகும்போதே தண்ணீர் ஊற்றிக்கொண்டால் எரிச்சல் தெரியாது. முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும், பேடை நாலு மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மஞ்சளும் எண்ணெயும் தடவ வேண்டாம். பால் கொடுக்கிறவள் டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போடலாம், வலியைத் தாங்கிக்காட்டினால் யாரும் பதக்கம் தரப்போவதில்லை. இரண்டு மூன்று வாரத்தில் வலி பெரும்பாலும் அடங்கும். புருஷன் வீட்டுக்குப் போகிற நாளைப் பஞ்சாங்கம் குறிக்கலாம், சேர்ந்து படுக்கும் நாளைத் தையல் ஆறியவள்தான் குறிக்க வேண்டும்.

காய்ச்சல், துர்நாற்றம், நாளுக்கு நாள் கூடும் வலி, தையல் பிரிதல், இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மலமோ காற்றோ அடக்க முடியாமல் போகிறதென்றால் பலர் வெட்கப்பட்டு வருடக்கணக்கில் மறைக்கிறார்கள். அது ஆழமான கிழிசலின் அடையாளமாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் உண்டு. டாக்டரிடம் நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் முதலில் 104 எண்ணில் கேளுங்கள். தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை எண் அது, இராத்திரியிலும் எடுப்பார்கள்.