முதலில் உடையும் வண்டிக்கும் ஒரு பரிசு

நம்ம காலேஜ் பஸ் தினமும் ஒரகடம் வழியாகத்தான் போகிறது. ரோட்டோரம் கார், பைக், டயர் தொழிற்சாலைகள். பஸ்ஸுக்குள் இருக்கும் மெக்கானிக்கல் சிங்கங்களோ ப்ராஜெக்ட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம். (நானும்தான், மறைப்பானேன்!)

1969-ல் கலிபோர்னியாவின் ஃபெர்ன்டேல் ஊரில் ஹோபார்ட் பிரவுன் என்ற சிற்பி, மகனின் மூன்று சக்கர சைக்கிளை ஐந்து சக்கர விநோத வண்டியாக்கினார். இன்னொருவர் போட்டிக்கு வர, தெருவிலேயே பந்தயம். இன்று அது மூன்று நாள் திருவிழா. பழைய சைக்கிளையும் தகரத்தையும் ஒட்டவைத்த சிற்பங்களை மிதித்தே ரோடு, மணல், தண்ணீர் எல்லாம் கடக்க வேண்டும். கிளம்பியதும் முதலில் உடையும் வண்டிக்கும் பரிசு உண்டு!

நம்மிடம்? வைவா அன்று ஓடாவிட்டால் மார்க் போச்சு. அப்புறம் எவன் சொந்தமாகச் செய்வான்? சோம்பேறிகள் என்று திட்டுகிறார்கள். நுங்கு வண்டி செய்து ஓட்டிய பசங்கதானே சார் நாங்கள்? குச்சி முறிந்தால் வேறு குச்சி செருகினோம், யாரும் மார்க் குறைக்கவில்லை.

இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் ரேஸ் டிராக் இருக்கிறது, மோட்டார் வண்டிகளுக்கு. நமக்கு அதெல்லாம் வேண்டாம், காலேஜ் கிரவுண்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். காயலான் கடை இரும்பு மட்டும்தான், புது பார்ட்ஸ் வாங்கினால் அவுட்.

என்னிடம் இரண்டு பழைய சைக்கிள் இருக்கிறது. வெல்டிங் தெரிந்தவர் யார்?