பாஸ்கெட்பால் ஸ்டாண்டு வாங்கப் போறீங்களா? முதல்ல அடியைப் பாருங்க

"டாக்டர், லீவு விட்டாச்சு. பையன் நாள் முழுக்க செல்போன்லயே இருக்கான். வீட்டு வாசல்ல ஒரு பாஸ்கெட்பால் ஸ்டாண்டு வாங்கி வைக்கலாமா?"

ஓபியில் ஒரு அப்பா கேட்டார்.

தாராளமா வாங்குங்க.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாசலில் ஒரு வளையம் இருந்தால் அதில் பாதி நேரம் தானாகவே ஓடிவிடும்.

ஆனால் ஒரு விஷயம்.

போன மாதம் இரவுப் பணியில் 11 வயதுப் பையனைத் தூக்கி வந்தார்கள். வளையத்தைப் பிடித்துத் தொங்கியிருக்கிறான். ஸ்டாண்டு அப்படியே அவன் மேல் சாய்ந்துவிட்டது. நெற்றியில் ஆறு தையல். நல்லவேளை, ஸ்கேனில் ஒன்றும் இல்லை.

ஸ்டாண்டின் அடித்தொட்டி காலி.

"நாளைக்கு மண்ணு நிரப்பலாம்னு இருந்தோம் சார்" என்று அம்மா அழுதார்.

கடைக்குப் போனால் எல்லோரும் போர்டு எவ்வளவு பெரிசு, பார்க்க எப்படி இருக்கு என்றுதான் பார்க்கிறோம். என்னைக் கேட்டால், பணத்தைப் போட வேண்டியது மேலே இல்லை, அடியில்.

✅ அடித்தொட்டியை நிரப்பாமல் ஒரு பந்துகூட எறிய விடாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதே இடத்தில் மணல் போட்டால் சுமார் ஒன்றரை கிலோ. அதனால் மணலே நல்லது.

✅ தண்ணீர்தான் ஊற்றுவேன் என்றால் மூடியை இறுக்கமாக மூடுங்கள். திறந்து கிடந்தால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதுதான் பிரசவ வார்டு. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும்.

✅ உயரம் கூட்டிக் குறைக்கிற மாதிரி வாங்குங்கள். பெரியவர்களுக்கு வளையம் 10 அடி, அதாவது 3.05 மீட்டர். 12 வயதுக்குட்பட்டோர் ஆடும் மினி பாஸ்கெட்பாலில் 2.60 மீட்டர்தான். பந்தும் சிறியது, 5ஆம் நம்பர். எட்டாத உயரத்தில் வைத்தால் மூன்றாம் நாளே பிள்ளை மறுபடி செல்போனுக்குப் போய்விடும்.

✅ தொங்கக் கூடாது. இதில் பேரம் கிடையாது.

✅ மோதிரத்தைக் கழற்றிவிட்டு ஆடுங்கள். எம்பிக் குதிக்கும்போது மோதிரம் வளையத்திலோ வலையிலோ மாட்டினால், விரலின் தோலும் சதையும் உரிந்து வந்துவிடும். விரலையே எடுக்க வேண்டியும் வரலாம்.

❌ மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். பந்து மேல் கண் இருக்கும் பிள்ளைக்குக் கைப்பிடிச் சுவர் தெரியாது.

❌ ரோட்டைப் பார்த்தும் வைக்காதீர்கள். பந்து ரோட்டுக்கு ஓடினால், பின்னாலேயே பிள்ளையும் ஓடும்.

"அப்போ இவ்வளவு ஆபத்தா? வேண்டாம்னு விட்டுடலாமா?"

கூடாதுங்க. சின்ன வயதிலேயே உடல் பருமனோடு ஓபிக்கு வரும் பிள்ளைகளைப் பார்ப்பவன் நான். தையல் போட்ட காயம் ஒரு வாரத்தில் ஆறும். உட்கார்ந்தே பழகிய உடம்பை மாற்ற வருடங்கள் ஆகும்.

கடைசியாக ஒன்று. வாங்கி வைத்துவிட்டு நீங்கள் செல்போனோடு சேரில் உட்காராதீர்கள். பெரியவர்களுக்கும் வாரம் 150 நிமிடமாவது உடற்பயிற்சி வேண்டும். கூட இறங்கி ஆடுங்கள்.

மணல் இன்றைக்கே நிரப்புங்கள். நாளைக்கு அல்ல.